கலீமுல்லாவின் செவ்வந்திக்கல்

கல்லைத் தண்ணீரில் முக்குகிறார், எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடிக்கிறார், ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார், 'ச்சு' கொட்டுகிறார். கலீமுல்லா 'ச்சு' கொட்டினால் அந்தக் கல்லுக்குக் கெட்ட காலம் என்று அர்த்தம்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், நடுவே சாக்குத் திரை தொங்கும் ஒற்றை அறை வீடு. முன்பாதிதான் பட்டறை. ஒரு சாணைச் சக்கரம், அதைச் சுழற்ற ஒரு வில், கல்லை ஒட்டிப் பிடிக்க அரக்குக் குச்சி, மண் சட்டியில் தண்ணீர். இவற்றை வைத்துக்கொண்டு பட்டாணி அளவு பச்சைக்கல்லில் நண்டு செய்வார்; நண்டுக்குக் கொடுக்கும் இருக்கும். மாம்பலத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் ஸ்படிகப் பிள்ளையாருக்கு இவரைத்தான் தேடி வருகிறார்கள். தும்பிக்கை வலமா, இடமா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் கல்லையே தொடுவார்.

மனிதருக்கு ஒரு வியாதி உண்டு. கல்லுக்குள் மயிரிழை அளவு கீறல் தெரிந்தால் போதும், சோறு இறங்காது. கீறலை 'நூலு' என்பார். ஊரார் கல்லில் இந்த வியாதி செல்லாது. கல் கொடுத்த வக்கீல் வீட்டு ஆள் வாசலில் நின்று பிடுங்கிக்கொண்டு போய்விடுவான். செய்யக் கொடுத்திருந்த என் பிள்ளையாரையும் நான் அங்கேயே உட்கார்ந்து சண்டை போட்டுத்தான் மீட்டேன். வீட்டுக் கல்லுக்கு அப்படிக் கேட்க நாதியில்லை.

வீட்டுக் கல் என்றது, மனைவி அஃப்சருன்னிசாவுக்கு அந்த அம்மாளின் பாவா, அதாவது தந்தை, நிக்காஹ் அன்று கொடுத்த ஊதா நிறச் செவ்வந்திக்கல்லை. எலுமிச்சம்பழ அளவு இருந்ததாம். அதில் அம்பாரி யானை செய்து தருவதாகப் புது மாப்பிள்ளை வாக்குக் கொடுத்தார். யானை வந்தது, தும்பிக்கையில் ஒரு நூல். தும்பிக்கையை எடுக்கப்போய் யானை ஆமையாயிற்று. ஆமை ஓட்டில் நூல், கிளியாயிற்று. கிளியின் கழுத்தில் நூல், மாங்காயாயிற்று. நான் பார்க்கும்போது புளியங்கொட்டை அளவில் ஒரு மல்லிகை மொட்டு. கொடுத்த தந்தையும் காலமாகிவிட்டார். அவர் நினைவாக அந்த அம்மாளிடம் வேறு ஒரு பொருளும் கிடையாது.

கலீமுல்லாவுக்கும் தெரியாமலில்லை. "அந்த ஆனை நல்லாத்தான் இருந்துச்சு சார். அப்டியே வுட்ருக்கலாம். கை கேக்கல" என்றார் ஒரு நாள், சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே. கண் கலங்கியிருந்தது. கண்ணைத் துடைத்த கையோடு அந்த மொட்டைத்தான் எடுத்துப் பார்த்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

திரைக்குப் பின்னாலிருந்து அந்த அம்மாள் பேசுவது அபூர்வம். என் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு கிளம்பிய அன்று மட்டும் குரல் வந்தது.

"உங்க புள்ளையாரு முடிஞ்சிட்டாரு சார். எங்க பாவா குட்த்த கல்லு மட்டும் தேஞ்சிக்கினே கீது."

பிள்ளையாரை மடியில் மறைத்துக்கொண்டு சந்தில் இறங்கினேன்.

அதற்குப் பிறகும் பட்டறையில் போய் உட்காருவதை நான் விடவில்லை. சென்ற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் கலீமுல்லா அந்தக் கல்லை எடுத்து வெயிலில் பிடித்தார். நானும் குனிந்து பார்த்தேன். சுத்தமான ஊதா, என் கண்ணுக்கு ஒரு குறையும் படவில்லை. அவர் கண்ணுக்குப் பட்டுவிட்டது. "காம்பு கிட்ட சின்னதா ஒண்ணு கீது. ஒரே இழுப்பு, அவ்ளோதான்" என்று கல்லைச் சட்டியோரம் வைத்துவிட்டு அரக்கை நெருப்பில் காட்டினார். இதற்கு மேல் இழுத்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டேன்.

திரை விலகியது. இத்தனை வருஷமாக நான் முகம் பார்த்திராத அஃப்சருன்னிசா, முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் வந்து, அந்த மொட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு உதடுகளை இறுக மூடிக்கொண்டார். குச்சியிலிருந்து அரக்கு தரையில் சொட்டியது. கலீமுல்லா குச்சியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். வாயில் போட்டதைத் துப்பச் சொல்லிக் குழந்தையிடம் கேட்பதுபோல், மனைவியின் முகவாய்க்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றார்.