ஊசி மெஷினும் வசந்தியின் வாட்ச்சும்

ஆம்பூர் போய் வந்தேன் என்றாலே, "பிரியாணி எப்படி?" என்று கேட்கிற வாசகர்கள் உண்டு. இந்த முறை சாப்பிடவில்லை. பசியே இல்லை... ஏன் என்று சொல்கிறேன்.

வேலூரிலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று கம்பெனி கம்பெனியாகப் போய் நெட்வொர்க் பார்த்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை காலை, லாங் பஜாரில் வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆம்பூர் ஷூ ஃபேக்டரி ஒன்றின் அட்மின் மேனேஜர் நசீர் பாய்.

"யம்மா, உடனே கிளம்பி வா. இங்க ஒரே பேஜாரா கீது."

விஷயம் இதுதான். அங்கே குழந்தைகளுக்கான ஷூ தைக்கிறார்கள். தைக்கும்போது ஊசி முனை உடைந்து ஷூவுக்குள்ளேயே தங்கிவிட்டால்? எங்கோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் காலில் ஏறும். அதனால் ஒவ்வொரு ஷூவும் ஊசியைக் கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வரவேண்டும். எந்த ஷூ எத்தனை மணிக்குப் போனது என்று மெஷினோடு இருக்கிற கம்ப்யூட்டர் குறித்துக்கொள்ளும். அப்புறம்தான் பேக்கிங். அங்கே இன்னொரு கம்ப்யூட்டர், பெட்டி மூடிய நேரத்தைக் குறிக்கும்.

வெளிநாட்டு வியாபாரிக்காகச் சென்னையிலிருந்து வந்த ஆடிட்டர், முந்தின நாளின் இரண்டு லிஸ்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு பெட்டி மூடப்பட்டது 10.46-க்கு. அதற்குள் இருக்கிற ஷூ மெஷினுக்குள் போனது 10.50-க்கு! மூடின பெட்டியிலிருந்து ஷூ எழுந்து நடந்து போனதா? எல்லாப் பெட்டியும் இதே கதை.

செக் பண்ணாமலே பேக் செய்துவிட்டு, ரெக்கார்டுக்காக மெஷினைச் சும்மா ஓட்டியிருக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். மெஷினை ஓட்டுகிறவர் வசந்தி. ஊசிச் சோதனையில் பொய் என்றால் அந்த ஃபேக்டரியில் மன்னிப்பே கிடையாது - அன்றைக்கே வீட்டுக்கு. நாலு மணிக்கு ஆடிட்டர் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுக் கிளம்புகிறார். நான் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு.

ஹெச்.ஆர். அறைக்கு வெளியே பிளாஸ்டிக் சேரில் வசந்தி உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். மடியில் ஒரு நீள ரெஜிஸ்டர். மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மணிக்கொரு தரம் டெஸ்ட் பீஸ் விட்டுப் பார்த்து, கையால் எழுதுகிற ரெஜிஸ்டர் அது. அதுவும் அவருக்கே எதிராகப் போயிருந்தது. ரெஜிஸ்டரில் பத்து மணி டெஸ்ட், மெஷினில் 10.10. பதினொரு மணி டெஸ்ட், 11.10. டெஸ்ட் பண்ணாமலே முன்கூட்டி எழுதியிருக்கிறார் என்று அதற்கும் ஒரு புகார்.

"ஒரு ஷூ கூட விட்டதில்லக்கா. எனக்கும் ரெண்டு பசங்க கீறாங்க. கொயந்த கால்ல ஏறும்னு எனக்குத் தெரியாதா?"

அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மெஷின் கம்ப்யூட்டரையும் என் போனையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் பத்து நிமிடம் வேகம். பேக்கிங் கம்ப்யூட்டர் சரியான நேரம். இவ்வளவுதானே! துள்ளிக் குதித்து ஆடிட்டரிடம் ஓடினேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னைக்குக் காலைல யாராவது மாத்தி வெச்சிருக்கலாம் மேடம். எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சுன்னு என்ன ப்ரூஃப்?"

நியாயமான கேள்வி. அதனால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

உள்ளே இருக்கிற காசு சைஸ் பேட்டரி போயிருக்கும் என்று மாற்றினேன். நேரத்தைச் சரி செய்தேன். ரீஸ்டார்ட் செய்தால்... பழைய பத்து நிமிடம் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி சரி செய்தேன். மறுபடி வந்தது. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள்! உனக்கு நேரம் சொல்வது யார் என்று கம்ப்யூட்டரையே கேட்டேன். சர்வர் என்றது. சர்வரிடம் போய், உனக்கு யார் சொல்வது என்று கேட்டேன். யாருமில்லை, நானே என்றது.

மணி இரண்டரை. சர்வர் அறைச் சுவரில் ஒரு கடிகாரம். பார்த்தேன், 2.40. பின்னால் நின்றிருந்த நசீர் பாய் வழக்கம்போலச் சொன்னார்:

"பத்து நிமிஷம் கழிச்சுக்கோம்மா."

சட்டென்று எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

அந்த ஃபேக்டரியில் எல்லாச் சுவர்க் கடிகாரமும் பத்து நிமிடம் வேகம். ஆட்கள் சீக்கிரம் வரட்டும் என்று நசீர் பாயின் ஏற்பாடு. எல்லாருக்கும் அது தெரியும், மனசுக்குள் கழித்துக்கொண்டு வழக்கம்போலத்தான் வருவார்கள். நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? இரண்டு வருஷத்துக்கு முன் அந்த சர்வரை வைத்துக் கொடுத்தபோது, "கம்ப்யூட்டர்லயும் பத்து நிமிஷம் ஜாஸ்தி வெச்சுடும்மா" என்று கேட்டார் நசீர் பாய். பெரியவர் கேட்கிறார், எனக்கும் வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது. சிரித்துக்கொண்டே வைத்தேன். இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுக்காதே என்று சர்வரின் காதையும் அடைத்துவிட்டுப் போனேன்.

ஆமாம்... அந்தப் பத்து நிமிடத்தை வைத்தது நான்தான்.

எல்லாக் கம்ப்யூட்டரும் சேர்ந்து தப்பாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரத்துக்கு முன் பேக்கிங்குக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. அதை சர்வரோடு சேர்க்காமல் விட்டிருந்தார்கள். அது பாட்டுக்கு இன்டர்நெட்டைப் பார்த்துச் சரியான நேரம் காட்டியது. மாட்டினது வசந்தி.

வாயை மூடிக்கொண்டு சர்வரைச் சரி செய்துவிட்டுப் போயிருக்கலாமா? ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதை உங்களிடம் மறைக்க மாட்டேன். பிறகு ஆடிட்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நசீர் பாய் என்னை மேலே பேச விடவில்லை.

"நான்தான் சார் வெக்கச் சொன்னேன். இந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல, அந்தப் பொண்ணு மேலயும் தப்பு இல்ல."

"சரி சார். ப்ரூஃப்?" என்றார் ஆடிட்டர்.

வசந்தி எழுந்து போய் அலமாரியிலிருந்து பழைய ரெஜிஸ்டர்களை அள்ளிக்கொண்டு வந்தார். ஆடிட்டர் தனக்குப் பிடித்த ஏதோ ஒரு பக்கத்தைத் திறப்பார், நான் அந்தத் தேதியின் மெஷின் லிஸ்ட்டை எடுப்பேன். பத்து நிமிடம். இன்னொரு பக்கம். பத்து நிமிடம். இரண்டு வருஷமாக, மணிக்கொரு தரம், அதே பத்து நிமிடம். பொய் எழுதுகிறவருக்கு இவ்வளவு ஒழுங்கு வருமா? புதுக் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய பெட்டிகளையும் பார்த்தார். எல்லாம் செக் ஆன பிறகே மூடப்பட்டிருந்தன.

3.40-க்கு அவர் வசந்தியின் பெயரை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தார். நசீர் பாய் பெரிதாக மூச்சு விட்டார். நான் அவரைவிடப் பெரிதாக. அப்பாடா! அன்று குடித்த டீ மாதிரி ஒரு டீ நான் குடித்ததே இல்லை.

சர்வரை இன்டர்நெட் நேரத்தோடு கட்டிவிட்டேன். பேக்கிங் கம்ப்யூட்டரையும் சர்வரோடு சேர்த்தாயிற்று. சுவர்க் கடிகாரங்களில் கை வைக்க நசீர் பாய் விடவில்லை. போகட்டும், அதைக் கழித்துக்கொள்ள மனுஷர்கள் இருக்கிறார்கள்.

கிளம்பும்போது வசந்தியைக் கேட்டேன். ஃபேக்டரி முழுக்க வேகமாக ஓடும்போது நீங்கள் மட்டும் எப்படிச் சரியாக எழுதினீர்கள்?

"போனை கேட்லயே வாங்கி வெச்சுடுவாங்கக்கா. அதான் தினம் காலைல போனைப் பாத்து வாட்ச்ச சரி பண்ணிக்கினு வருவேன். ஷூவ செக் பண்ணிக் குடுக்குறவங்களுக்குக் கரெக்ட் டைம் தெரியணும் இல்ல?"

கையைத் திருப்பிக் காட்டினார். பட்டை நைந்த சின்ன வாட்ச். சர்வரில் 4.52. வாட்ச்சிலும் 4.52.

அந்த ஃபேக்டரியிலேயே சரியான நேரம் வைத்திருந்த ஒரே ஆளைத்தான், பொய்க்காரி என்று வீட்டுக்கு அனுப்ப இருந்தோம்!