காளியாயியும் பொடி ஐஸும்

காளியாயி யாரையும் நம்பமாட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஆயா வேலை. பால்காரன் கொண்டுவரும் பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். டாக்டர் ஐயா கலக்கிய மருந்தையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நோயாளியிடம் கொடுப்பாள். ஆண்டவனே இறங்கி வந்தாலும் கால் நிலத்தில் படுகிறதா என்று குனிந்து பார்ப்பாள் என நாங்கள் கேலி செய்வோம்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய ஒரே மகனுக்கு அம்மை குத்தியிருந்தார்கள். குத்தியும் அவன் பெரியம்மையில்தான் போனான். அன்றிலிருந்து அவள் கண்ணுக்கு எல்லாமே கலப்படம்.

நான் சூசைரட்ணம், அதே தோட்டத்துத் தப்பால்காரன். தினமும் தலவாக்கலை டவுனுக்குப் போய்க் கடிதப் பையும் ஆஸ்பத்திரி மருந்தும் கொண்டுவருவது என் வேலை. எனக்கு அவளைக் கண்டாலே எரிச்சல். நான் பையை நீட்டினால், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

1957 தை மாதம் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேருக்குப் பெரியம்மை கண்டது. எங்கள் பிள்ளைகளுக்குக் குத்துவதற்காகக் கொழும்பிலிருந்து ரயிலில் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்து வந்தது. மரத்தூள் அடைத்த தகரப் பெட்டி. நடுவில் கண்ணாடிக் குழாய்கள், சுற்றிலும் ஐஸ். "சூடு பட்டா பால் செத்துப்போகும். எங்கயும் நிக்காம நேரா வந்துடு" என்று டாக்டர் ஐயா சொல்லித்தான் அனுப்பினார்.

நேராக வந்தேனா? கொட்டகையில் மத்தியானப் படம் ஓடியது. பெட்டியைத் தெரிந்த தேத்தண்ணிக் கடையில் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால், நடைவழியில் இடைஞ்சல் என்று கடைக்காரர் அதை பாய்லர் அடுப்புக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தார். திறந்து பார்த்தேன். ஐஸ் ஒரு துண்டுகூட இல்லை. மரத்தூள் ஒத்தடத் துணி மாதிரி கதகதவென்று இருந்தது.

ஓடினேன். கடைத்தெரு ஹோட்டல் ஒன்றில் மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி இருந்தது. அதில் கட்டி ஐஸ் இல்லை. உட்சுவரில் படிந்திருந்த வெள்ளைப் பனியைக் கரண்டியால் சுரண்டி, கையால் உருண்டை பிடித்து, தகரப் பெட்டியை நிரப்பினேன். ஐஸ் ஐஸ்தானே, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்ற தைரியம்.

ஆஸ்பத்திரியில் காளியாயிதான் பெட்டியைத் திறந்தாள். ஓர் உருண்டையை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கினாள். அது ரவை ரவையாக உதிர்ந்தது.

"போன தடவ வந்தது போத்தல் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இது என்னா பொடியா இருக்கு?"

"ஐஸ்ல என்னாக்கா சாதி இருக்கு? எல்லாம் தண்ணிதானே."

"இருக்கு தம்பி. தை மாசம் புல்லுல வெள்ளையா பனி பூக்குது, வெயில் பட்டதும் காணாமப் போயிடுது. அதே குளிருல வாளியில ஒறைஞ்ச தண்ணி பத்து மணி வரைக்கும் கட்டியா கெடக்குது. ரெண்டும் தண்ணிதான். கண்ணாடிக் கட்டி கரைஞ்சா வழவழன்னு சின்னதாகும், இப்படிப் பொடியாகாது. வழியில யாரு மாத்துனா?"

டாக்டர் ஐயாதான் என்னைக் காப்பாற்றினார்.

"ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல? பெட்டி ஜில்லுன்னுதானே இருக்கு? காலையில எல்லாப் புள்ளைகளையும் வரச் சொல்லு" என்றார்.

அன்றிரவு வீட்டில், செத்த பாலைக் குத்தினால் கெடுதல் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மை வந்தால்தானே கெடுதல்.

காலையில், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் வரிசை நின்றது. என் மகள் றோசலினுக்கு அப்போது ஐந்து வயது. வரிசையின் நடுவில் நின்ற அவளைக் காளியாயி கையைப் பிடித்துக் கூட்டிவந்து முதல் ஆளாக நிறுத்தினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ஒம் மகளுக்குத்தான் மொதக் குழாய். இதைக் குத்திட்டா இவளுக்கு அம்மை வராதுன்னு ஒன் வாயால ஒரு தரம் சொல்லு. அப்புறம் நான் பேசல."

பொய் எனக்குப் புதிதல்ல. ஆனால் என் கண் காளியாயியைத் தாண்டி றோசலினிடம் போனது. டாக்டர் ஐயா முதல் குழாயை உடைத்தார். றோசலின் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். அப்பா பக்கத்தில் இருந்தால் வலிக்காது என்று நினைத்திருப்பாள்.

"குத்தாதீங்க ஐயா!" என்று கத்தினேன். "அது செத்த பாலுங்க. நான்தான் ஐஸை மாத்துனேன்."

டாக்டர் ஐயா எல்லோர் முன்னாலும் அறைந்தார். தப்பால் வேலை போய், புல்லுவெட்டுக்கு மாற்றினார்கள். அதில் எனக்கு வருத்தம் சொல்ல வாயில்லை. மறுபடியும் அம்மைப்பால் வந்தபோது காளியாயியே தலவாக்கலைக்குப் போனாள். பெட்டியைச் சுமக்க என்னையே கூட்டிப்போனாள். பஸ்ஸில் பெட்டி என் மடியில் இருந்தது. வழி முழுக்க அவள் கை மூடியின் மேலேயே இருந்தது.

இந்த முறையும் றோசலினுக்குத்தான் முதலில் குத்தினார்கள். அதற்குப் பிறகும் காளியாயி நம்பவில்லை. தினமும் சாயங்காலம் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்து, பிள்ளையின் கையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். எட்டாம் நாள் குத்திய இடத்தில், பால் பிடித்ததற்கு அடையாளமாக, முத்துப் போல ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தாடை வரைக்கும் வந்ததைத் துடைக்கவும் இல்லை.

"எம் மவனுக்கு இது எழும்பவே இல்லடா" என்றாள். "தழும்பு விழாம கை சுத்தமா இருக்குதேன்னு நான் சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன்."