போனுக்குள் இருந்த வாப்பாவும் தனுஷ்கோடி ரோடும்

லீவில் ஊருக்கு வந்தால் எங்காவது சுற்றிவிட்டு வந்து இங்கே எழுதுவது என் வழக்கம். இந்த முறை போனது பக்கத்தில்தான். பெரியபட்டினத்திலிருந்து தனுஷ்கோடி, காலையில் கிளம்பி மதியத்துக்குள் திரும்பிவிட்டோம். ஆனால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் போனபோதுகூட நான் இவ்வளவு பயந்ததில்லை.

என் மகள் ஷிபாவுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. நான் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு வீடியோ காலில்தான் என்னை அதிகம் பார்த்திருக்கிறாள். அவளிடம் இருக்கும் கொஞ்ச வார்த்தைகளில் பாதியை எனக்காகச் செலவழிப்பாள். ஆனால் நேரில் வந்து நின்றால் நான் யாரோ. இந்த முறை வந்த மறுநாள் ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போய்ப் போனை எடுத்து அவள் உம்மாவிடம் நீட்டி, "வாப்பா" என்றாள். வாப்பா அங்கேயே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்!

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் மனைவி பர்வீனுக்குப் பித்தப்பையில் கல். மதுரையில் ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. மூன்று நாளாவது ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். கூட இருக்க அவள் தங்கை வருகிறாள், வீட்டில் ஷிபாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிக்க வைப்பது, ஊட்டுவது, தூங்க வைப்பது எல்லாம். என் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்காத பிள்ளை.

ராமநாதபுரத்தில் ஷிபாவுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடத்திடம் கேட்டோம். "போனோட சண்டைக்குப் போகாதீங்க. போன்லயே ஆரம்பிங்க, தூரத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைங்க" என்றார். முதலில் மொட்டை மாடியிலிருந்து கால் பண்ணினேன். பிறகு பக்கத்து அறையிலிருந்து, பிறகு வாசல்படியிலிருந்து. தெருவில் போனவர்கள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லவே வேண்டாம். அடுத்தது வெளியிடம், அதுவும் அவளுக்குப் பிடித்த இடமாக இருக்கட்டும் என்றார் மேடம். அவளுக்குக் கடல் என்றால் உயிர்.

கார், பாலம், கடல், வீடு என்று நாலு போட்டோவை முந்தின நாளே வரிசையாகக் காட்டிவிட்டோம். அடுத்து என்ன என்று தெரிந்தால் அவள் பாதி அமைதியாகிவிடுவாள். ஒரு வியாழக்கிழமை காலை ஆறே காலுக்குக் கிளம்பினோம். உச்சிப்புளி வழியாக ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். கார் வாடகை மூவாயிரத்து இருநூறு. டிரைவர் சேது திருப்புல்லாணிப் பக்கத்துக்காரர்.

பின் சீட்டில் ஷிபாவும் பர்வீனும். முன் சீட்டில் நான், கையில் போன். வண்டி நகர்ந்ததும் பின் சீட்டுக்கு வீடியோ கால் போட்டேன். சேது கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார், திரும்பி ஒருமுறை பார்த்தார்.

"என்ன பாய், பின்னாடி இருக்குற புள்ளைக்குப் போன்லயா பேசுறீக?"

விஷயத்தைச் சொன்னேன். ரேடியோப் பக்கம் போன கையை எடுத்துக்கொண்டார். பிறகு, "அப்பப் பாட்டு போடல பாய். நீங்க பேசுங்க" என்றார். இதே மாதிரி முயற்சி செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு போனும் ஒரே வண்டிக்குள் இருந்தால் கீச்சென்று ஒரு சத்தம் வரும், பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். ஆளுக்கு ஒரு இயர்போன் கட்டாயம். நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

பாம்பன் பாலத்தில் நிறுத்தவில்லை. அங்கே அடிக்கிற காற்றும் ஹாரனும் அவளுக்கு ஆகாது. ராமேஸ்வரத்தில் இட்லி வாங்கி, ஹோட்டல் இரைச்சல் வேண்டாமென்று காரிலேயே சாப்பிட்டோம். பர்வீன் ஊட்டினாள். நான் ஒரு வாய் நீட்டிப் பார்த்தேன். ஷிபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கஷ்டமாகத்தான் இருந்தது.

அங்கிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை இருபது கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் கடல் தெரியத் தெரிய ஷிபா கையைத் தட்டிக்கொண்டே வந்தாள். நான் போனில் "கடல் பாரு, கடல் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அப்போதுதான் என் மரமண்டைக்கு எட்டாமல் போன விஷயம் நடந்தது. சிக்னல் போய்விட்டது. அக்கரை டவரைப் பிடித்து, இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று ஒரு மெசேஜ் மட்டும் வந்தது. ஊரில் எத்தனை பேர் அங்கே சிக்னல் இருக்காது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன்!

வண்டி நின்றதும் ஷிபா இறங்கிவிட்டாள். கையிலிருந்த போனில் என் முகம் பாதி வாய் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றது. தட்டிப் பார்த்தாள். திரையே அணைந்தது. மணலில் உட்கார்ந்து, தாடையில் அடித்துக்கொண்டு, அலற ஆரம்பித்தாள்.

நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். மணிக்கட்டில் கடித்துவிட்டாள். சுற்றிலும் ஆள் சேர்ந்தது. ஒருவர் வீடியோ எடுக்கவே ஆரம்பித்துவிட்டார். சேது அவர் முன்னால் போய் நின்று, "இங்கன என்ன வேடிக்க? அங்கன போயி கடலைப் பாருங்க" என்று எல்லோரையும் கலைத்தார்.

பர்வீன் ஷிபாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "மச்சான், தொடாதீங்க. தள்ளி உக்காருங்க. போன்ல எப்படிப் பேசுவீங்களோ அப்படியே பேசுங்க."

ஷிபாவுக்கு எதிரே கை எட்டாத தூரத்தில் மணலில் உட்கார்ந்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும் ஷிபாம்மா. சாப்ட்டாச்சா?" தம்மாமிலிருந்து தினமும் நான் ஆரம்பிப்பது இப்படித்தான். கொஞ்சம் பொறுத்து மறுபடி சொன்னேன். மறுபடியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை, அடிப்பதை நிறுத்தினாள். அணைந்த போனைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள்.

"சாப்ட்டாச்சு," என்றாள். "இட்லி."

"தொட்டுக்க என்ன?"

"சட்னி."

அல்ஹம்துலில்லாஹ் என்று பர்வீன் சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து நிமிடம் கழித்து ஷிபா எழுந்து என் சட்டை நுனியைப் பிடித்து அலைப்பக்கம் இழுத்தாள். கையைப் பிடிக்கவில்லை. எனக்கு அந்தச் சட்டை நுனியே போதுமாக இருந்தது.

இப்படிப்பட்ட பிள்ளைகளோடு போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வாரநாளில் போங்கள், எட்டு மணிக்குள் முனையில் இருங்கள். அங்கே நிழல் கிடையாது, பாத்ரூம் வேலையை ராமேஸ்வரத்திலேயே முடித்துவிடுங்கள். அலை ஆபத்தானது, காலை நனைப்பதோடு சரி. போனை நம்பி இருக்கிற பிள்ளை என்றால் சிக்னல் இல்லாமலும் காட்ட முடிகிற மாதிரி வீடியோவைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரிடம் முன்கூட்டியே விவரம் சொல்லிவிடுங்கள். எங்களுக்கு வாய்த்த சேது எல்லோருக்கும் வாய்ப்பாரா தெரியாது. முக்கியமாக, பிள்ளை அலறும்போது நாலு பேர் நாலு சொல்வார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷன் முந்தாநாள் நல்லபடியாக முடிந்தது. இதை வீட்டிலிருந்து எழுதுகிறேன். முதல் நாள் மதியம் ஷிபா என் கையால் சாப்பிடவில்லை. தட்டை அவளிடம் தள்ளிவிட்டு எதிரே உட்கார்ந்து வீடியோ காலில் பேசுகிற மாதிரியே பேசினேன், தானே அள்ளிச் சாப்பிட்டாள். குளியலுக்கு பர்வீன் சுவரில் ஒட்டிவைத்திருந்த படங்களைப் பார்த்து, நான் தண்ணீர் மொண்டு கொடுக்க, அவளே ஊற்றிக்கொண்டாள். இரவு சரியாகத் தூங்கவில்லை, நானும்தான். இன்னும் பன்னிரண்டு நாளில் எனக்கு ஃப்ளைட். அதற்கு அவளை எப்படித் தயார்படுத்துவது என்று இன்னும் தெரியவில்லை. மேடத்திடம் கேட்டிருக்கிறேன்.

நேற்று மஃரிபுக்குப் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து பர்வீன் வீடியோ கால் பண்ணினாள். ஷிபா போனை வாங்கிக்கொண்டு, "உம்மா, சாப்ட்டாச்சு" என்றாள். நான் தொந்தரவு செய்ய வேண்டாமென்று தள்ளியே உட்கார்ந்திருந்தேன். அவள் போனோடு நகர்ந்து வந்து என் தோளில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனைக் கை நீட்டிப் பிடித்தாள். நம் முகம் நமக்கே தெரியுமே, ஓரத்தில் அந்தச் சின்னக் கட்டம், அதில் அவளும் நானும் ஒன்றாக இருந்தோம். அந்தப் பக்கம் பர்வீன் வாயைப் பொத்திக்கொண்டாள். தையல் பிரிஞ்சிரும், அழாத என்றேன், நான் அழுதுகொண்டே.