நாலாவது ஊசிக்கு முன்னால்

நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனியில் பதினெட்டு வருஷம் திரி சொருகியவள் சோலையம்மாள். 2006 சித்திரையில் மார்பில் புற்றுநோய் என்றார்கள். மதுரையில் ஆபரேஷன் முடிந்தது. பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, மொத்தம் ஆறு.

புருஷன் இல்லை. மகள் மாரிசெல்வி கைக்குழந்தையோடு திருப்பூரில். அவள் போனில் கேட்டால், "நல்லா இருக்கேன்த்தா" என்று சோலையம்மாள் முடித்துவிடுவாள்.

ஊசி போட்ட மறுநாளிலிருந்து நாலு நாளைக்கு வாந்தி. சோறு வேகிற வாடையே ஆகாது. வாயெல்லாம் புண். ஆஸ்பத்திரியில் கொடுத்த வாந்தி மாத்திரையைக் குமட்டிய பிறகே போடுவாள். அதுவும் வெளியே வந்துவிடும். பக்கத்து வீட்டு கற்பகவல்லி முதலில் ரசம் கொண்டுவந்தாள். முடி கொட்டியதும், தொத்திக்கொள்ளும் என்று யார் சொன்னார்களோ, வாசலோடு நின்றுகொண்டாள். காலையில் கம்பெனி வேன் பெண்களை ஏற்றிக்கொண்டு போனால் தெருவில் பேச்சுச் சத்தமே இருக்காது. சோலையம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள்.

நாலாவது ஊசிக்குப் போன அன்று நர்ஸ் சொர்ணலட்சுமி எடை பார்த்தாள்.

"ஏழு கிலோ குறைஞ்சிருக்கீக. சாப்பிடுறீகளா?"

"சாப்பிடுறேன் சிஸ்டர்."

"வாயைத் திறங்க."

திறந்தாள்.

"இந்தப் புண்ணோட எப்படிச் சாப்பிடுவீக? ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஊசிய நிப்பாட்டிருவீகளோன்னு பயம். பட்டுத்தான் ஆகணும்னு நினைச்சேன்."

நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தாள். "நீங்க சொன்னாத்தானே நாங்க மருந்து தர முடியும்?"

ஒருவர் தன்னைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று சோலையம்மாளுக்கு நினைவில்லை. அழுதுவிட்டாள்.

புண் ஆற ஊசியை ஒரு வாரம் தள்ளினார் டாக்டர். வாந்தி மாத்திரையையும் மாற்றினார். குமட்டலுக்குக் காத்திராமல் நேரத்துக்குப் போடச் சொன்னாள் நர்ஸ். உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் வாய் கொப்பளிக்கணும். ஆறின கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கணும். "காய்ச்சல் அடிச்சா மட்டும் நாளைக்குப் பாப்போம்னு இருக்காதீக. உடனே வந்துருங்க."

ஐந்தாவது ஊசி போட்ட பத்தாம் நாள் உடம்பு கொதித்தது. துணைக்கு யாரையும் கூப்பிடாமல், சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மதுரை பஸ் ஏறினாள். வார்டு வாசலிலேயே, "காய்ச்சல் சிஸ்டர், காலையிலருந்து" என்றாள்.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தன. ஆறு நாள் படுக்கையில் கிடந்து பிழைத்தாள். ஒரு நாள் தாமதித்திருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர்.

ஆறாவது ஊசியும் முடிந்தது. தை பிறந்ததும் கம்பெனிக்குப் போனாள். லேபிள் ஒட்டும் வேலை கொடுத்தார்கள். மத்தியானம் மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார்கள். அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, மெதுவாகச் சாப்பிடுவாள்.