திருவாதிரை வெடிச்சிருச்சா?

கொரோனா வருவதற்குச் சற்று முந்தைய தை மாதம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகக் கற்களாக நிற்கிற நவபாஷாணத்துக்குப் போகிற வழியில் என் கடை. தோஷம் கழிக்க வருகிறவர்களுக்கு, கடலில் போடுகிற நவதானியப் பொட்டலம் விற்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு மூன்று பிள்ளைகளையும் யாரிடமும் கை நீட்டாமல் அந்தக் கடையை வைத்துத்தான் ஆளாக்கினேன். எனக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும். நான் சொல்லச் சொல்ல இதை வீட்டில் ஒருத்தி எழுதுகிறாள்.

என் கடைசி மகனுக்கு நயினார்கோவில் பக்கம் பெண் பேசி முடித்து, மாசியில் கல்யாணம் என்று பத்திரிகையும் அடிக்கக் கொடுத்திருந்தோம். அந்த நேரத்தில் ஒரு நாள் காலையில் பெண்ணின் அய்யா கடைக்கு வந்தார். மிளகாய் விவசாயம் பார்க்கிறவர், நல்ல மனுஷர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அக்கா, மாப்பிள்ளைக்குத் திருவாதிரை நட்சத்திரந்தான?"

"ஆமா தம்பி. பொருத்தம் பாத்துத்தான முடிச்சோம்?"

செல்போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். திருவாதிரை நட்சத்திரம் மங்கிக்கொண்டே வருகிறது, சீக்கிரம் வெடித்துவிடும் என்று அதில் ஒருத்தன் கத்திக்கொண்டிருந்தான்.

"வெடிக்கப் போற நட்சத்திரத்துக்கு எப்படிக்கா எம்புள்ளயக் குடுக்கிறது? ஊருல ஆளாளுக்குக் கேக்குறாக."

ஊர் தோஷத்துக்கெல்லாம் தானியம் விற்ற எனக்கு, என் வீட்டுத் தோஷத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கெஞ்சவும் மனசு வரவில்லை. இந்தக் கல்யாணம் நின்றால் 'வெடிக்கிற நட்சத்திரம்' என்ற பேர் என் மகன் மேலேயே நின்றுவிடும் என்பது மட்டும் புரிந்தது.

அப்போது கடையில் ஒரு அம்மாவும் மகளும் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மகளுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது என்று அந்த அம்மா கூட்டி வந்திருந்தார். மகள் எங்களைத் திரும்பிப் பார்த்து, "அய்யா, நான் வெடிக்கிற நட்சத்திரங்களைப் பத்தித்தான் ஆராய்ச்சி பண்றேன்" என்றது.

"இதைத்தான் சொல்லிக்கிட்டுத் திரியுது. வர்ற மாப்பிள்ளை எல்லாம் ஓடுறான்" என்றார் அதன் அம்மா.

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்துக் கொஞ்சம் தானியத்தைக் கையில் எடுத்தது. திருவாதிரை நம் சூரியனைவிட ரொம்பப் பெரியதாம். அவ்வளவு பெரிய நட்சத்திரம் வயசாகித் தன் கனம் தாங்காமல் உள்ளே இடிந்து, பிறகு வெடிக்குமாம். வெடித்தாலும் வீணாகாதாம். அதற்குள் வெந்து உண்டானதெல்லாம், விதை இறைக்கிற மாதிரி, வானமெங்கும் இறையுமாம். அதிலிருந்துதான் புது நட்சத்திரம், பூமி எல்லாம். கையிலிருந்த தானியத்தைத் தட்டில் இறைத்துக் காட்டியது. "உங்க ரத்தத்துல இருக்கிற இரும்பே இந்த மாதிரி எப்பவோ வெடிச்ச நட்சத்திரங்கள்ல இருந்து வந்ததுதான், அய்யா."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனாலும் விடவில்லை. "அதெல்லாம் சரி ஆத்தா. இது எப்ப வெடிக்கும்?"

"தெரியாது. லட்சம் வருஷம்கூட ஆகலாம். ஏன் மங்குதுன்னு எங்களுக்கே இன்னும் தெளிவா தெரியலை. அதோட வெளிச்சம் இங்க வந்து சேரவே பல நூறு வருஷம் ஆகும். நாம பாக்கிறது பழைய வெளிச்சம்."

"அப்ப இந்நேரம் வெடிச்சிருந்தாலும் நமக்குத் தெரியாது?"

வெடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடேன் தாயி என்று மனசுக்குள் வேண்டினேன். அது கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமாய்யா, தெரியாது. வெடிச்சிருக்க வாய்ப்பு ரொம்பக் குறைச்சல். ஆனா உறுதியா சொல்ல முடியாது" என்றது.

அவர் முகம் செத்துப்போனது. எனக்கோ எங்கிருந்தோ வார்த்தை வந்தது.

"தாயி, வெடிச்சிருந்தா எம்மகன் பொறக்கும் முன்னாடியே வெடிச்சிருக்கலாமா?"

"இருக்கலாம்மா."

"கேட்டீகளா தம்பி? வெடிக்கலைன்னா தோஷமே இல்ல. முன்னாடியே வெடிச்சிருந்தா, அதுக்கப்புறம்தான அவன் பொறந்து வளந்து, உங்க வீட்டுல வந்து ரெண்டு தட்டு கேசரியும் தின்னுட்டு வந்தான்? அவனுக்கு என்ன ஆச்சு?"

அந்தப் பெண்தான் முதலில் சிரித்தது. பிறகு அவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம்தான் உட்கார்ந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "எதுக்கும் ஒரு பொட்டலம் குடுங்கக்கா, கடல்ல போட்டுட்டு வாரேன்" என்றார். கொடுத்தேன். காசை நீட்டினார். சம்பந்திகிட்ட காசு வாங்குற பழக்கம் எங்க வீட்டுல இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மாசியில் கல்யாணம் நடந்தது. இப்போதும் தை மாதம் பொழுது சாய்ந்ததும் கடல் பக்கம் பார்த்தால் திருவாதிரை சிவப்பாக நிற்கிறது. அது இருக்கிறதா இல்லையா, யாருக்குத் தெரியும்?

முன்பெல்லாம் வருகிறவர்கள் "தோஷம் போயிருமா?" என்று கேட்டால், "கட்டாயம் போயிரும்" என்பேன். இப்போது, "எனக்குத் தெரியாது தாயி, போட்டுட்டு வாங்க, மனசு லேசாகும்" என்கிறேன். இப்படிப் பேசினால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று என் கடைசி மருமகள், இதை எழுதிக்கொண்டிருக்கிறவள்தான், சண்டைக்கு வருகிறாள். பொய் சொல்ல வழி இருந்தும், தெரியாததைத் தெரியாது என்று அந்த ஆராய்ச்சிக்காரப் பெண் சொன்னதால்தான் இவள் என் வீட்டில் உட்கார்ந்து என்னோடு சண்டை போடுகிறாள் என்பதை நான் எப்படி மறப்பேன்?