சொல்லாமல் வந்த கை

பிறப்பு: 1984 மார்ச் 9. பணியில் சேர்ந்தது: 2012 ஜூன் 4. பணி: மருத்துவமனை அவசரப் பிரிவின் வாயிற்காவல். அழைக்கும் பெயர்: சுவரக்கா. எந்நேரமும் சுவரை ஒட்டியே நிற்பதால் நர்ஸ்கள் சூட்டிய பெயர் அது.

வருகிறவனின் முகத்தை அவள் பார்க்கமாட்டாள், கையைப் பார்ப்பாள். கத்துகிறவனைவிட, கத்திக்கொண்டிருந்து சட்டென்று வாயடைத்துப் போகிறவனுக்கே அஞ்சுவாள். ஒருமுறை, தம்பியைப் பறிகொடுத்த ஒருவன் இரும்பு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு நின்றான். பயிற்சியில் சொன்னபடி கதவை அடைக்கப் போனவள், அவன் தோள் இறுகுவதைக் கண்டதும் கதவை விரியத் திறந்துவிட்டு ஒதுங்கினாள். அவன் ஸ்டூலைப் போட்டுவிட்டு வெளியே போய் அழுதான்.

இந்த விழிப்பு வீட்டிலும் அவளை விட்டு இறங்கவில்லை. கணவன் கப்பலில் சமையற்காரன். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருபவன். அவன் இல்லாத நாள்களில் அவள் ஏங்கியதெல்லாம் ஒன்றுக்குத்தான்: சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலிருந்து வந்து தோளில் விழும் அவன் கை.

அப்படியேதான் வந்தான். சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாகவே வந்து, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் தோளைத் தொட்டான். மறுநொடி தரையில் கிடந்தான். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது.

“நடுக்கடல் புயல்லகூட விழாம நின்னவன்டி நான்,” என்று முனகினான்.

“ஐயோ, நீங்கன்னு தெரியாதுங்க!”

“தெரிஞ்சிருந்தா ரெண்டு கையும் போயிருக்கும்.”

சிரித்தான்தான். ஆனால் அதன்பின் அறைக்குள் நுழையுமுன் இருமினான்; எதிர்ப்பக்கமாக மட்டுமே வந்தான்; கைகளை அவள் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டான். அவளாக நெருங்கினால் அரையடி பின்வாங்கினான். பயந்தவர்களைத் தினமும் பார்ப்பவளுக்கு இது புரியாதா? விலகுகிறவனைத் துரத்தக்கூடாது என்பதும் தெரியும்.

ஒரு மாலை நாற்காலியை அறை நடுவில் இழுத்துப் போட்டு, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வாசலில் இருமல் கேட்டது.

“இருமாம வாங்க,” என்றாள் திரும்பாமல்.

“உசுருக்கு உத்தரவாதம் உண்டா?”

“ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு உக்காந்திருக்கேன். போதுமா?”

காலடி நெருங்க நெருங்க முதுகு விறைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அவனுடைய இடது கை தோளில் வந்து அமர்ந்தது. உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது, கைகள் அசையவில்லை.

“எடுக்காதீங்க,” என்றாள்.

அவன் மறுபடி கப்பலேற இன்னும் இரண்டு நாள் இருந்தது.