டேவ் ஃப்ரீசன் கேட்காத கோல்

லோர்ன் பெட்ராஷ் எங்கள் வில்லோமியர் வாரப் பத்திரிகையில் முப்பத்தைந்து வருடம் பனி ஹாக்கி பற்றி எழுதினார். நான் முன்மேசையில் உட்கார்ந்து விளம்பரம் வாங்கினேன். அவருடைய நான்கு புத்தகங்களையும் தட்டச்சு செய்து கொடுத்ததும் நான்தான். அவர் கையெழுத்தைப் படிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. பெரிய எழுத்தாளரா என்றால், இல்லை. ஆனால் கார் கிளம்பாத குளிரிலும் நடந்தே போய் ஆட்டம் பார்த்துவிட்டு வருவார். யார் எந்த நிமிடத்தில் கோல் போட்டார்கள் என்பதில் தான் தவறியதே இல்லை என்று ஒரு கர்வம். அந்தக் கர்வத்தோடு தினமும் ஒரே அறையில் இருந்தவள் நான்.

எங்கள் ஹாக்கிக்காரர்கள் ‘நான் போட்டேன்’ என்று சொல்ல மாட்டார்கள். பாஸ் கொடுத்தவன் புண்ணியம், என் அதிர்ஷ்டம் என்று காலணியைப் பார்த்து முனகுவார்கள். வேறு மாதிரிப் பேசினால் காபிக் கடையில் ஒரு வருடத்துக்குக் கிண்டல் ஓயாது.

1961 மாகாண இறுதி ஆட்டம், கூடுதல் நேரம். மெட்ரோ வாசிலிக் அடித்த வட்டு வலைக்கு முன்னால் நின்ற கும்பலுக்குள் புகுந்து உள்ளே போய்விட்டது, கோப்பை எங்களுக்கு. லோர்ன் மெட்ரோ பெயரைக் குறித்துக்கொண்டு, ரெஜைனா பத்திரிகைக்கும் தொலைபேசியில் செய்தி கொடுத்துவிட்டு, அப்புறம்தான் உடைமாற்றும் அறைக்குப் போனார்.

“அது என்னோட கோல் இல்ல லோர்ன். கடைசியா டேவ் மட்டையில பட்டுத்தான் உள்ள போச்சு” என்றார் மெட்ரோ.

அறையே சிரித்தது. டேவ் ஃப்ரீசன் மூலையில் காலணிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

லோர்ன் தன் முதல் புத்தகத்தில் எழுதினார்: ‘வாழ்நாளின் மிகப் பெரிய கோலையும் நண்பனுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தார் மெட்ரோ.’ ஊருக்கு அந்த வரி அவ்வளவு பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒப்பித்தார்கள். பனி அரங்க வாசலில் மெட்ரோ படம் ஏறியது. அடுத்து முகமூடி போடாத காலத்துக் கோல்காப்பாளர்களைப் பற்றி ஒன்று, முப்பதுகளின் பெண்கள் அணியைப் பற்றி ஒன்று எழுதினார். பெண்கள் அணிப் புத்தகம் எழுபது பிரதிகூட விற்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

நான்காவது புத்தகம் எழுதும்போது 1990. மகன் வீட்டோடு கெலோனாவுக்குப் போய்விட்ட மெட்ரோ, ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தார். எங்கள் அலுவலகத்தில் பேட்டி.

“இந்தத் தடவையாவது ஒழுங்காப் போடு. அது டேவோட கோல்.”

“ஆரம்பிச்சுட்டியா உன் தன்னடக்கத்த?” என்று லோர்ன் சிரித்தார்.

மெட்ரோ தொப்பியைக் கழற்றி என் மேசைமேல் வீசினார். “முப்பது வருஷமா சொல்றேன், முப்பது வருஷமா தன்னடக்கம்ங்கிற! நான் என்னடா அடக்கமானவனா? என் பொண்டாட்டியக் கேளு! தோட்டத்துல ஒரு உருளைக்கிழங்கு பெருசா வெளஞ்சாலே ஊர் பூரா காட்டிட்டு வர்றவன்டா நான்!”

உண்மைதான், அந்த உருளைக்கிழங்கை நானே பார்த்திருக்கிறேன். தட்டச்சை நிறுத்திவிட்டு லோர்னைப் பார்த்தேன். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு டேவின் பண்ணைக்குப் போனார். டேவ் விதைப்பு இயந்திரத்தைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்.

“டேவ், அறுபத்தொண்ணுல அந்த வட்டு உன் மட்டையில பட்டுச்சா?”

“பட்டுச்சு.”

“ஏன்யா என்கிட்ட சொல்லல?”

“கேக்க வேண்டியவன் நீ. நானா வந்து, என் கோலக் குடுன்னு நிக்கவா?” துணியில் கையைத் துடைத்தார். “ஒருத்தர்கிட்ட மட்டும் சொன்னேன். எங்கப்பாகிட்ட. அவருக்கு ஹாக்கின்னாலே ஆகாது. சர்ச்சுக்குப் போற ஞாயித்துக்கிழமைகூட ஆடுறோமேன்னு கோவம். சாப்பிடறப்ப, ‘நான்தாம்ப்பா போட்டேன்’னேன். நீ எழுதினத எடுத்துக் காட்டினாரு. பேருக்காகப் பொய் சொல்றியான்னாரு. அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. எழுபத்தாறுல போயிட்டாரு.”

திரும்பும் வழியில் லோர்ன், “நான் கேக்கவே இல்ல வெர்னா” என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு ஆத்திரம். “வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?” என்றேன்.

அக்டோபரில் பனி அரங்கக் கூடத்தில் புத்தக வெளியீடு. மெட்ரோவும் டேவும் வந்திருந்தார்கள். பெரோகிக் கொழுக்கட்டையும் தொத்திறைச்சியும் வைத்திருந்தார்கள். லோர்ன் முதல் பக்கத்தைப் படித்தார்: ‘1961 இறுதி ஆட்டத்தின் கோல் டேவ் ஃப்ரீசன் போட்டது. மெட்ரோ அன்றைக்கே சொன்னார். நான் நம்பவில்லை. தவறு என்னுடையது.’

ஊர் அதையும் நம்பவில்லை. “பாவம், டேவுக்கு ஒரு நல்லது செய்யலாம்னு பாக்கறாரு” என்று என் பக்கத்தில் ஒருத்தி உருகினாள். அரங்கத்துப் பனித்தரையை இழைத்துச் சமமாக்கும் வண்டியோட்டும் ஸ்டான் பின்னாலிருந்து கத்தினார்: “என்ன டேவ், நெசமாவா?”

எல்லோரும் திரும்பினார்கள். டேவ் என்ன சொல்வார் என்று எங்களுக்குத் தெரியும். மெட்ரோ அடிச்சது, என் அதிர்ஷ்டம். அவ்வளவுதான். அப்படிச் சொல்லிவிட்டால் லோர்னின் திருத்தத்தையும் தன்னடக்கக் கணக்கில் சேர்த்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விடுவார்கள். லோர்ன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டேவ் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். வழக்கம்போலக் காலணியைப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

“ஆமா. நான்தான் போட்டேன்.”

அப்படி ஒரு பேச்சை அந்தக் கூடம் கேட்டதே இல்லை. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மெட்ரோதான் மேசையை ஓங்கித் தட்டினார். “கேட்டீங்களாடா!” அப்புறம்தான் எல்லோரும் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

கைதட்டல் ஓய்ந்த பிறகும் டேவ் உட்காரவில்லை.

“எங்கப்பாகிட்ட அப்பவே சொன்னேன்” என்றார், யாரையும் பார்க்காமல்.